வத்திக் கடை ஜோசையா

பாஸ்டன் நகரத்தின் நடுவே கிரானரி மயானம் என்று ஒரு பழைய இடுகாடு இருக்கிறது. அங்கே 1827-ஆம் ஆண்டு ஊரார் எழுப்பிய கருங்கல் ஸ்தம்பத்தில் 'பிராங்க்ளின்' என்ற பெயரைப் பெரிய எழுத்துக்களில் கண்டவுடன், மின்னலின் இயல்பை ஆராய்ந்தவரும் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவருமான பெஞ்சமின் பிராங்க்ளின் இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார் என்று எண்ணிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அவருடைய சமாதி இருப்பதோ பிலடெல்பியாவில். பாஸ்டன் ஸ்தம்பத்தின் அடியில் இருப்பவர்கள் அவருடைய தாயும் தந்தையும். தந்தையாகிய ஜோசையா பிராங்க்ளின், மிருகக் கொழுப்பை உருக்கி வத்தி செய்தும் சோப்புக் காய்ச்சியும் விற்று, பெரியதொரு குடும்பத்தைக் காப்பாற்றியவர். மகனுடைய கீர்த்தி இல்லாவிட்டால் இவர் பெயர் நமக்கு எட்டியிராது என்பது மெய்தான். ஆயினும் அந்தக் கீர்த்தியை ஒரு புறம் ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும், பிள்ளைகளை ஆளாக்குவதையே தம் பிரதானத் தொழிலாகவும் வத்தி வியாபாரத்தை அதற்குரிய சாதனமாகவும் கொண்டு வாழ்ந்த ஒரு மனிதரின் சரித்திரம் மிச்சம் நிற்கிறது. அது சொல்லத் தக்கதென்பது என் அபிப்பிராயம்.

இங்கிலாந்தில் நார்தாம்ப்டன்ஷயரைச் சேர்ந்த எக்டன் என்ற கிராமத்தில் 1657-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். முப்பது ஏக்கர் சொந்த நிலமும் கொல்லுப்பட்டறையும் தலைமுறை தலைமுறையாக அக்குடும்பத்துக்கு இருந்தன. மூத்த மகன் கொல்லுவேலை பழகுவது வழக்கம். ஜோசையா இளையவராதலால், பான்பரியில் சாயத் தொழில் நடத்திய தமையனிடம் வேலை கற்றுக்கொண்டார். அரசாங்கத் திருச்சபையினின்று விலகியவர்களின் வழிபாட்டுக் கூட்டங்கள் சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்த காலம் அது. ஆகவே 1683-ஆம் ஆண்டு வாக்கில், மனைவியையும் மூன்று குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு கப்பலேறினார்.

பாஸ்டனில் சாயத்துக்கு அவ்வளவாகக் கிராக்கி இல்லை. கற்ற வித்தைதான் தமக்கு உரியது என்று பிடிவாதம் பிடிக்காமல், எல்லா வீட்டுக்கும் அன்றாடம் தேவைப்படுகிற வெளிச்சத்தையும் சோப்பையும் அவர் பிடித்துக்கொண்டார். மெழுகுவத்தி என்றதும் நாம் நினைக்கிற வெண்மையும் சுத்தமும் அந்தத் தொழிலில் கிடையா. ஆட்டுக்கொழுப்பையும் மாட்டுக்கொழுப்பையும் கொப்பரையிலிட்டு உருக்கி, மிதக்கும் கசடை நீக்கி, வடிகட்டி, கோல்களில் வரிசையாகத் தொங்கவிட்ட பருத்தித் திரிகளை அதில் தோய்த்தெடுத்து ஆறவிட்டு, மீண்டும் தோய்த்து, இப்படிப் பலமுறை செய்தால்தான் ஒரு வத்தி விரற்பருமன் காணும்; உயர்ந்த ரகத்தை அச்சில் ஊற்றி வார்ப்பார்கள். சோப்புக்கோ விறகுச் சாம்பலிலிருந்து காரநீர் இறக்கி, அதைக் கொழுப்புடன் சேர்த்துக் காய்ச்ச வேண்டும். பட்டறையும் வீடும் ஒன்றாயிருந்தபடியால் அந்த நாற்றத்துக்குள்ளேதான் குழந்தைகள் பிறந்து வளர்ந்தார்கள். அதன் அபாயமும் கூடவே இருந்தது: எபனேசர் என்ற பதினாறு மாதக் குழந்தை, கவனிக்க ஆளில்லாத ஒரு கணத்தில், சோப்பு நீர்த் தொட்டியில் விழுந்து இறந்துபோயிற்று.

முதல் மனைவி ஆன், ஏழு குழந்தைகளைப் பெற்று 1689-இல் காலமானாள். அதே ஆண்டின் இறுதியில் நான்டக்கெட் தீவைச் சேர்ந்த அபையா ஃபோல்ஜரை மணந்தார்; அந்த அம்மாள் பத்துக் குழந்தைகளைப் பெற்று, பத்துப் பேருக்கும் தானே பாலூட்டினாள். பதினேழு பேரில் பதின்மூவர் வளர்ந்து ஆளாகிக் கலியாணமும் செய்துகொண்டார்கள். அந்தப் பதின்மூவரும் ஒரே சமயத்தில் தந்தையின் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்ததைத் தாம் பார்த்ததாகப் பெஞ்சமின் எழுதியிருக்கிறார். சாப்பாட்டு வேளையில் விவேகமுள்ள அண்டைவீட்டாரையோ நண்பரையோ அழைத்து வைத்துக்கொண்டு, பிள்ளைகளின் புத்திக்குப் பிரயோஜனமான சம்பாஷணையை எழுப்புவது ஜோசையாவின் வழக்கம். பதார்த்தம் நன்றாக இருக்கிறதா, உப்புக் கூடியதா குறைந்ததா என்ற பேச்சே அங்கு எழுவதில்லை. அதன் பலனாக, உண்ட சில மணி நேரத்துக்குள் என்ன உண்டோம் என்பதே தமக்கு நினைவிராது என்கிறார் மகன். சமைத்த அபையா அம்மாளின் அபிப்பிராயத்தை யாரும் குறித்துவைக்கவில்லை.

நடுத்தர உயரமும் நல்ல தேகபலமும் உடையவர். சித்திரம் எழுத வரும். பிறர் தொழிற் கருவிகளையும் லாவகமாகக் கையாளுவார். நாள் வேலை முடிந்த சில மாலைகளில் வயலினை எடுத்து வாசித்து, இனிமையான குரலில் சங்கீதங்களைப் பாடுவார். பெரிய குடும்பத்தின் பாரத்தால் பொதுப் பதவிகளுக்குப் போக இயலவில்லையென்றாலும், ஊர்க் காரியங்களிலும் சபைக் காரியங்களிலும் பிரமுகர்கள் அவருடைய யோசனையைக் கேட்டு வந்தார்கள். வழக்குள்ள இரு தரப்பாரும் அவரையே மத்தியஸ்தராக வைத்துக்கொள்வதும் உண்டு.

அவருடைய திறமை முழுவதும் வெளிப்பட்ட இடம், ஆண் மக்களில் கடைக்குட்டியான பெஞ்சமினுக்குத் தொழில் தேடிய விஷயம். முதலில் அவனைச் சபை ஊழியத்துக்கென்று எண்ணி எட்டு வயதில் இலக்கணப் பள்ளிக்கு அனுப்பினார். கல்லூரிச் செலவையும், படித்தவர் பலர் படும் தரித்திரத்தையும் கணக்கிட்டுப் பார்த்து, ஓராண்டுக்குள் நிறுத்திவிட்டார். பத்து வயதுப் பையன் கடையில் திரி கத்தரிக்கவும், அச்சில் கொழுப்பை நிரப்பவும், ஏவின இடத்துக்கு ஓடவும் வந்து சேர்ந்தான். அவனுக்கு அது பிடிக்கவில்லை, கடலிலேயே கண். தந்தையின் பெயரையே உடைய மூத்த பிள்ளை ஒருவன் முன்னமே கடலோடியாகப் போயிருந்தான். இதுவும் போய்விடுமோ என்று அஞ்சிய தகப்பனார் அடித்து அடக்கவில்லை. பையனைத் தம்முடன் உலாவ அழைத்துப்போய், தச்சர், கொத்தனார், கடைசல்காரர், பித்தளை வேலைக்காரர் முதலியோர் வேலை செய்யுமிடங்களில் நிறுத்தி, எந்தக் கருவியைக் காணும்போது அவன் முகம் மலர்கிறது என்று பார்த்தார். இந்தச் சோதனையைத்தான் நான் அவருடைய வாழ்க்கையில் மிக உயர்ந்ததாகக் கருதுகிறேன். கத்தி செய்யும் உறவினன் ஒருவனிடம் விட்டுப்பார்த்தார். அவன் கட்டணம் எதிர்பார்த்ததும் அதிருப்தியுற்றுப் பையனை வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். கடைசியில் புத்தகப்பித்தைக் கண்டு, அச்சகம் வைத்திருந்த மகன் ஜேம்ஸிடமே 1718-இல் சேர்த்துவிட்டார்.

அது நன்றாக முடியவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை இருபத்தொரு வயதுவரை தமையனிடம் ஒப்பந்தத்தால் கட்டியது சற்றுக் கடுமையென்றே எனக்குத் தோன்றுகிறது. சகோதரர் சண்டைகள் தகப்பனாரின் தீர்ப்புக்கு வரும். தீர்ப்பு பெரும்பாலும் தம்பிக்குச் சாதகமாயிருக்கும். அது தமையனின் அடியை நிறுத்தவில்லை. 1723-இல் பெஞ்சமின் சொல்லாமல் ஓடிப்போனான். மறு வருஷம் பென்சில்வேனியா கவர்னரின் சிபாரிசுக் கடிதத்தோடு திரும்பிவந்து, தனியாக அச்சகம் வைக்கப் பணம் கேட்டபோது, கவர்னரின் கையெழுத்தைக் கண்டு ஜோசையா மயங்கவில்லை. பதினெட்டு வயதுப் பையனிடம் இவ்வளவு பெரிய காரியத்தை ஒப்படைக்கத் துணிந்தவர் யோசனையற்றவராயிருக்க வேண்டும் என்று நினைத்தார். உழைத்துச் சிக்கனமாயிருந்தால் இருபத்தொரு வயதுக்குள் போதிய பொருள் சேரும், குறைகிற தொகையைத் தாம் தருவதாகச் சொல்லி ஆசீர்வதித்து அனுப்பினார். அந்தக் கவர்னரின் வாக்குறுதிகள் எத்துணை வெறுமையானவை என்பதை மகன் லண்டன் போய்ச் சேர்ந்த பிறகே உணர்ந்தார்.

1745-ஆம் ஆண்டு ஜனவரியில் ஜோசையா இறந்தார், அபையா 1752-இல். மரணத்துக்குக் காரணமான வியாதியைத் தவிர வேறு நோய் இருவருக்கும் வந்து தாம் அறிந்ததில்லை என்கிறார் பெஞ்சமின். ஆஸ்தியோ லாபகரமான உத்தியோகமோ இல்லாமல், ஐம்பத்தைந்து வருஷம் அன்போடு கூடி வாழ்ந்து, பதின்மூன்று பிள்ளைகளையும் ஏழு பேரப்பிள்ளைகளையும் கௌரவமாக வளர்த்தார்கள் என்று தாமே வாசகம் எழுதிக் கல் நாட்டினார். அதில் தகப்பனாருக்கு 89 வயது என்று கண்டிருக்கிறது. பிறப்புக் கணக்குப்படி 87 தான். பிற்காலத்தில் அந்தக் கல் சிதைந்தபோதுதான் ஊரார் கருங்கல் ஸ்தம்பத்தை வைத்து, பழைய வாசகத்தையும் அதில் பொறித்தார்கள்.

தொழிலும் குடும்பத்தை விட்டுப் போய்விடவில்லை. ஜான் என்ற மகன் சோப்புத் தொழிலையே மேற்கொண்டு, கிரீட முத்திரையிட்ட உயர்ந்த ரகம் ஒன்றைக் காய்ச்சிப் பெயர் பெற்றார். அதன் பக்குவத்தைக் கற்றுவைத்திருந்தவள் கடைசித் தங்கையான ஜேன். பெஞ்சமின் பிரான்ஸ் தேசத்தில் தூதராக இருந்து உலகப் பிரசித்தி அடைந்த காலத்திலும், வயது முதிர்ந்த அந்த அம்மாள் தன் கையாலேயே காய்ச்சிய சோப்புக் கட்டிகள் அவருக்குப் போய்க்கொண்டிருந்தன.