காதில்லாக் கருவியும் பல்லியமும்

மாதவியின் அரங்கேற்றத்தைக் கூறுமிடத்து இளங்கோவடிகள், இசைக்கருவிகள் ஒன்றையொன்று தொடர்ந்த முறையையும் காட்டுகின்றார். குழலைப் பின்பற்றி யாழும், யாழைப் பின்பற்றித் தண்ணுமையும், அதன்பின் முழவும் ஒலிக்க, ஆமந்திரிகை அவற்றோடு இயைந்ததென்பது அரங்கேற்று காதை தரும் செய்தி. பல கருவிகள் கூடுமிடத்து எது முன் செல்வது, எது பின் நிற்பது என்னும் வினா பண்டே நம்மவர் சிந்தையில் இருந்தமை இதனாற் புலனாகும். அவ்வினா இக்காலத்தே புதிய வடிவில் எழுந்துள்ளது. மின்னணுக் கருவியும், சிம்பொனி என வழங்கும் இசைக்கு உரிய மேனாட்டுப் பல்லியமும் ஒரே மேடையில் ஏறினால், எது எதனைப் பின்பற்றுவது?

இதற்குச் சிறந்ததொரு சான்று பிரான்சு நாட்டில் நிகழ்ந்தது. 2005ஆம் ஆண்டு யூலை 2ஆம் நாள், அந்நாட்டின் தென்பாலுள்ள போன் து கார் என்னும் உரோமர் காலத்து நீர்ப்பாலத்தின் அருகே, மொன்பெலியே பில்ஹார்மோனிக் பல்லியத்தினர் 70 பேர் அமர்ந்தனர். அமெரிக்காவின் டெட்ராயிட் நகரத்தவரான ஜெஃப் மில்ஸ் தம் மின்னணுக் கருவிகளுடன் அவர்களோடு சேர்ந்தார். தோலும் நரம்பும் இன்றி மின்னோட்டத்தினாலேயே ஒலியைப் பிறப்பிக்கும் 'டெக்னோ' இசையில் பேர்பெற்றவர் அவர். அவருடைய ஆக்கங்களைத் தோமா ரூசெல் என்பார் பல்லியத்துக்கேற்ப எழுதி அமைக்க, அலேன் அல்தினோக்லு இசை நெறியாளராக நின்றார். அந்நிகழ்ச்சி 'புளூ பொடென்ஷல்' என்னும் பெயரோடு 2006இல் இசைத்தட்டாக வெளிவந்தது.

அதே 2005ஆம் ஆண்டில் நம் இளையராஜா, சிவபுராணம், திருக்கோத்தும்பி, திருப்பொற்சுண்ணம் முதலிய பகுதிகளிலிருந்து எடுத்த பாடல்களை, புடாபெஸ்ட் சிம்பொனி பல்லியத்தினரைக் கொண்டு 'திருவாசகம்' என்னும் இசைத்தட்டாக்கினார். அது கலையகத்திற் பதிவானது. கலையகத்தில் ஓரிடம் பிழைத்தால் மீண்டும் வாசிக்கலாம். தனித்தனியே பதிந்தவற்றைப் பின்னர் இணைக்கலாம். அரங்கிலோ நழுவிய கணம் நழுவியதே. ஆதலால் அரங்கப் பதிவிலேதான் இருவகை இசையின் இணக்கம் மெய்யாகச் சோதிக்கப்படுகின்றது.

அவ்விணக்கத்துக்கு இடர்கள் இரண்டு. முதலாவது காலம். தாள இயந்திரத்தை நிமிடத்துக்கு 130 அடி என முடுக்கிவிட்டால், மாற்றும்வரை அது 130 அடியே அடிக்கும். பல்லியமோ மூச்சுவிடும் மாந்தரால் ஆனது. அவர்கள் ஓரிடத்தில் நீட்டுவர்; ஓரிடத்தில் விரைவர். அன்றியும், ஒலி ஒரு செக்கனில் ஏறத்தாழ 340 மீற்றரே செல்வது. 17 மீற்றர் தள்ளி அமர்ந்தவரை அது செக்கனில் இருபதிலொரு பங்கு பிந்தியே அடையும். ஆகவே வாசிப்போர் காதை மட்டும் நம்பாது, நெறியாளரின் கைக்கோலைக் கண்ணாற் பின்பற்றுவர். மின்னணுக் கருவி கூடும் அரங்குகளில், இயந்திரத்தின் தாள ஒலியை நெறியாளர் தம் காதிற் பொருத்திய சிறு கருவி வழியே கேட்டு நடத்துவதும் உண்டு.

இரண்டாவது சுருதி. குளிர் மிகுந்தால் குழற்கருவிகளின் சுருதி தாழும். நரம்புக் கருவிகளின் சுருதி ஏறுதலும் உண்டு. இயந்திரத்தின் சுருதியோ அசையாது. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் மழைக்குளிரில் தப்பைத் தீயிற் காய்ச்சாது அடித்தால் எத்தகைய ஒலி எழுமென்பதை அறிந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

தப்பைப் பற்றிய ஓர் அனுபவத்தை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். முன்னாளில் விடியற்காலையிற் பெரட்டுக்கு அழைத்த கருவி அது. காமன் கூத்துக்கு உயிராய் நிற்பதும் அதுவே. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடசாலை விழாவில், காமன் கூத்தில் வரும் இரதியின் புலம்பலுக்கு மின்னிசைப் பலகையின் தாளத்தை ஓடவிட்டு, தப்படிக்கும் முதியவர் ஒருவரையும் உடன் வாசிக்கச் செய்தோம். புலம்பலின் முடிவில் பாடிய மாணவன் குரலை நீட்டினான். முதியவரின் கைகள் அவனுக்காகக் காத்தன. இயந்திரம் காக்கவில்லை; மூவரும் மூன்று வழியாயினர். பின்னர் அம்முதியவர், "இதுக்குக் காது கெடையாதுங்க மாஸ்டர்" என்றார். குறை கூறுபவராய் அன்றி, எங்களுக்காக இரங்குபவராய்ச் சொன்னார்.

நான் படித்த இசை விளக்கங்கள் யாவும் அவ்வொரு தொடரில் அடங்கிவிட்டன. இயந்திரத்துக்குக் காதில்லை, அதற்குக் காதாக ஒரு மனிதர் அமைய வேண்டும். ஜெஃப் மில்ஸ் தம் தாளக்கருவியை முடுக்கிவிட்டு ஒதுங்குபவர் அல்லர். கையாலேயே அதனை மாற்றி மாற்றி இயக்குவதிற் பேர்பெற்றவர். அடுத்த முறை நாங்களும் ஒரு மாணவியைப் பலகையின் முன் அமர்த்தினோம். பாடுவோன் நீட்டுமிடத்தில் அவள் தாளத்தை நிறுத்துவாள். முதியவரின் தப்பு அவ்விடைவெளியை நிரப்பும். அவர் தலையசைத்ததும் தாளம் மீண்டும் எழும். அன்று கூத்து குலையவில்லை.

புதிய கருவி வந்தமையாற் பழைய கருவி அழியும் என்று அஞ்சுவாரும், பழையதை விட்டாலன்றி முன்னேற்றமில்லை என்பாரும் நம்மிடையே உளர். இரண்டும் முடிந்த முடிபல்ல. எனினும், பலகையின் விசையை அழுத்தினால் தாளம் வந்துவிடும் என்று நம் பிள்ளைகள் எண்ணிவிடின், முப்பது நாற்பது ஆண்டுகள் தப்படித்த கைகளிடம் கற்க ஒருவரும் செல்லார். அக்கைகள் ஓய்ந்தபின் அவ்வறிவை எந்தப் பொறியிலும் தேடிப் பெற இயலாது.

ஆதலின் இந்த யூபிலி ஆண்டில் கல்லூரிக்கு மின்னிசைக் கருவிகள் வழங்க விழையும் பழைய மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம். கருவியைத் தாருங்கள், அதனை ஏற்போம். அதனோடு, தத்தம் தோட்டத்திலுள்ள தப்புக் கலைஞர் ஒருவரையும் அழைத்து வந்து எம் மாணவர் அருகில் அமர்த்துங்கள். கருவிக்குக் காது கொடுக்க அவரன்றோ கற்பிக்க வல்லவர்.