பூஞ்சேரிப் பெருந்தச்சன்

மாமல்லபுரத்தைக் காணாத மாணவர் நம் நாட்டில் குறைவு. கடற்கரைக் கோயிலைக் கண்டு, சுண்டல் தின்று, மாலையில் திரும்பியோரே அவர்களுட் பலர். செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செல்வோர், மாமல்லபுரத்தை அடையுமுன் பூஞ்சேரி என்னும் சிற்றூரைக் கடக்கின்றனர். அவ்வூர்ப் பாறையில் பழைய எழுத்தில் சில பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன் என்பன அவற்றுட் சில. மன்னர் பெயர்கள் அல்ல. மாமல்லபுரத்தில் உளி பிடித்தோரின் பெயர்கள் என்று அறிஞர் கருதுவர்.

கல்லில் உழைத்தவன் தச்சன் எனப்படுவானேன்? கற்றச்சன் என்ற சொல்லும் தமிழில் உண்டு. எனினும் இங்கே ஒரு வரலாறும் அடங்கியிருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் ஒரு குகைக் கோயில் குடைவித்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகியன இன்றி ஆக்கப்பட்டது என்று அங்கே பெருமையுடன் எழுதுவித்தான். அதுவரை கோயில்கள் எவற்றால் ஆயின என்பது இதனாலேயே விளங்குகிறதன்றோ? கருங்கல்லைக் குடைவது தொண்டை நாட்டுக்குப் புதிய வேலை. மரத்தில் தேர்ந்த கைகள் கல்லின் இயல்பைத் தாமே பழகிக் கொள்ள வேண்டியிருந்தது.

ஐந்து இரதங்களை உற்று நோக்குங்கள். பீம இரதத்தின் கூரை மரச்சட்டங்களை வளைத்து வேய்ந்த கூரையின் வடிவம். திரௌபதி இரதமோ கூரைக் குடிசையே. தாங்கும் வேலை சிறிதுமில்லாத உறுப்புகளையும் பழக்கம் விடாமல் கல்லில் செதுக்கியுள்ளனர். முற்றுப்பெறாத இடங்களில் அவர்கள் கண்ட வழி தெரிகிறது. பாறையில் சதுரம் சதுரமாகக் காடி வெட்டி, இடையில் எஞ்சிய கல்லைத் தட்டி எடுத்தனர். இரதங்களை மேலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கினர். சாரத்தின் தேவை அதனால் குறைந்தது. கருங்கல்லில் உளி விரைவில் மழுங்கும். ஓயாது காய்ச்சி அடித்துத் தர ஒருவன் வேண்டும். சேமகன் என்னும் கொல்லன் அப்பட்டியலில் இடம்பெற்றது வியப்பன்று.

தெய்வ உருவங்களுக்குத் தாள அளவுகள் உண்டு. பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மானுக்கு அளவு நூல் ஏது? ஏறத்தாழ 90 அடி நீளமுள்ள அருச்சுனன் தபசுப் பாறையில் அம்மான் இருக்கிறது. யானையின் காலடியில் குட்டிகள். ஒற்றைக் காலில் தவஞ்செய்யும் பூனை, அதனைச் சுற்றி எலிகள்! கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கப்படும் பசு தன் கன்றை நக்குகிறது. கொட்டிலிலும் காட்டிலும் நெடுநேரம் நின்று பார்த்தவனன்றி வேறெவனும் இவற்றைச் செதுக்கியிரான். என் கருத்தில், இவ்வூரின் தேவர்களை விட விலங்குகளே உயர்ந்த படைப்புகள்.

1957-இல் இவ்வூரில் அரசினர் சிற்பப் பள்ளி தோன்றியது. பின்னாளில் அதன் முதல்வராயிருந்த கணபதி ஸ்தபதியே குமரிமுனையில் 133 அடித் திருவள்ளுவர் சிலையை அமைத்தவர். அது 2000-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் திறக்கப்பெற்றது. மாமல்லபுரக் கற்சிற்பங்கள் 2017-இல் புவிசார் குறியீடும் பெற்றன. இப்போது பட்டறைகளில் கல்லறுக்க மின்சக்கரம் சுழல்கிறது. தெருவெங்கும் வெண்துகள் பறக்கிறது. சேமகனின் தொழில் சுருங்கியிருக்கிறது. ஆயினும் முகத்துக்கும் விரல்களுக்கும் கையுளியையே எடுக்கின்றனர்.