மாத்திரை உறைக்குள் ஒளிந்திருக்கும் தொலைபேசி எண்



எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணவும், இரத்த அழுத்தத்தைக் குறித்து வைக்கவும், மாத்திரை நேரத்தை நினைப்பூட்டவும் இன்று கைபேசியில் எத்தனையோ செயலிகள் உண்டு. உங்கள் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ உங்களுக்கும் ஒன்றிரண்டை ஏற்றித் தந்திருப்பார்கள். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத, பட்டன் கைபேசி மட்டுமே உள்ள ஒரு நோயாளிக்கு இப்படியொரு துணையை அமைப்பது எப்படி? காசநோயாளிகளுக்காக நம் நாட்டில் செய்யப்பட்ட ஒரு முயற்சியை இங்கே சற்று விளக்குகிறோம்.

காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் ஐசோநயாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு, எத்தாம்பியூட்டால் என்னும் நான்கு மருந்துகளும் சேர்ந்தே உள்ளே போகவேண்டும். சில வாரங்களிலேயே காய்ச்சல் விட்டு, இருமல் தணிந்து, பசி எடுக்கத் தொடங்கும். ஆபத்தும் அங்கேதான். சுகமாகிவிட்டோம் என்று எண்ணி மருந்தை நிறுத்துகிறவரின் உடலில் மிஞ்சியுள்ள கிருமிகள் மறுபடியும் பெருகும்; மருந்துக்குக் கட்டுப்படாதவையாகவும் மாறக்கூடும். அப்படிப்பட்ட கிருமி வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் தொற்றும்.

இந்தக் கவலை பழையது. 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிடுகிறவர்களும் சானடோரியத்தில் தங்கியவர்களுக்கு ஏறக்குறைய ஒப்பாகவே குணமடைகிறார்கள் என்று 1959-இல் உலகத்துக்குக் காட்டியது. அப்படியானால், வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய மாத்திரையை விழுங்கினாரா என்பது யாருக்குத் தெரியும்? சுகாதார ஊழியரின் கண்முன்பாகவே விழுங்கச் செய்யும் 'டாட்ஸ்' முறை அதற்குப் பதிலாக வந்தது. 1997-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் வாரம் மூன்று நாள் மருந்து கொடுத்தார்கள். 2017-இல் அது தினசரி மருந்தாக மாறியது. கூலி வேலைக்குப் போகிறவர் தினமும் ஒரு மையத்தில் வந்து நின்றால் அன்றைய கூலி என்னவாகும்?

பெங்களூரிலுள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடத்தில் உருவான '99 டாட்ஸ்' இதற்கு எளிய வழி ஒன்றைக் கண்டது. மாத்திரை அட்டையைச் சுற்றி ஒரு காகித உறை. மாத்திரையை அழுத்தி வெளியே எடுக்கும்போது, அதுவரை மறைந்திருந்த தொலைபேசி எண் தெரியும். எந்த மாத்திரைக்குப் பின்னால் எந்த எண் வரும் என்று முன்கூட்டியே சொல்லமுடியாது. நோயாளி அந்த எண்ணை அழைக்கவேண்டும். கட்டணமில்லை, பேசவேண்டியதும் இல்லை. அழைத்தது யாருடைய கைபேசி, எந்த எண்ணுக்கு என்பதைக் கணினி பதிந்துகொள்ளும். அழைக்காதவர்களின் பட்டியல் ஊழியருக்குப் போகும். மூடியைத் திறந்தால் தானே பதிந்துகொள்ளும் மின்னணு மருந்துப் பெட்டிகளும் உண்டு என்றாலும், காகித உறையின் செலவு மிகக் குறைவு. எண்களைப் பார்த்து அழுத்தத் தெரிந்தால் போதும். நம் கிராமத்துப் பாட்டிமார் பலருக்கு அது கைவந்த காரியம்தானே!

ஆனாலும் அழைப்பு வேறு, மாத்திரை வேறு. மாத்திரையைப் பிதுக்கி எறிந்துவிட்டும் அழைக்கலாம். இதற்கு நேர்மாறானதும் நடக்கிறது. சிறுநீரில் ஐசோநயாசிட் உண்டா என்று சோதித்து இந்த அழைப்புகளோடு ஒப்பிட்ட ஆய்வொன்று 2020-இல் வெளிவந்தது. அழைக்காத பலரும் உண்மையில் மருந்து சாப்பிட்டிருந்தார்கள் என்று அதில் தெரிந்தது. காரணம் ஊகிக்கக் கடினமானதல்ல. கைபேசியை மகன் வேலைக்கு எடுத்துப் போயிருப்பான், சார்ஜ் இருந்திராது, சிக்னல் கிடைத்திராது. ஆகையால் பட்டியலில் பெயர் வந்தவுடன் நோயாளியைக் கடிந்துகொள்ளும் ஊழியர் தவறு செய்கிறார். வாந்தியா, வயிற்றெரிச்சலா, வீட்டில் சாப்பாடே இல்லையா என்று நேரில் போய் விசாரிக்கத்தான் அந்தப் பட்டியல்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஒரே கைபேசியை வீடே பயன்படுத்தும் இடத்தில், நினைப்பூட்டும் குறுஞ்செய்தியை யார் திறந்து பார்ப்பார்கள் என்று தெரியாது. புதிதாக மணமாகி வந்த பெண்ணுக்கு இந்த வியாதி என்று வெளியே தெரிந்தால் அவளைத் தாய்வீட்டுக்கே அனுப்பிவிடுகிற குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. எனவே அந்தச் செய்தியில் நோயின் பெயரும் மருந்தின் பெயரும் வரவே கூடாது. 'இன்று மறக்காமல் அழைக்கவும்' என்ற அளவில் இருந்தால் போதும்.