எல்லா லோரியிலும் மஞ்சள் விளக்கு மின்னினால், ஆபத்து எங்கே என்று எப்படித் தெரியும்?

உலு திராம் – மாலை ஏழரை மணிக்கு மேல் ஜாலான் கோத்தா திங்கியில் வண்டி ஓட்டுபவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. முன்னால் ஒரு கல் லோரி. அதன் கூரையில் மஞ்சள் விளக்கு பளிச் பளிச்சென்று மின்னுகிறது. லோரிக்கு எந்தக் கோளாறும் இல்லை. மற்ற வண்டிகளோடு சேர்ந்து எழுபதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைத் தாண்டினால், வேலை முடிந்து காலியாகத் திரும்பும் ஓர் இழுவை லோரி. அதன் மேலேயும் நீளப் பட்டையாக எல்இடி விளக்கு. இன்னும் கொஞ்ச தூரத்தில், உண்மையாகவே டயர் வெடித்துச் சாலையோரம் நிற்கும் ஒரு வேன். அதன் பின்னால் எரிவது சாதாரண இரட்டைச் சிக்னல் மட்டும்.

மூன்றில் எதைக் கண்டதும் பிரேக்கில் கால் வைக்க வேண்டும்? வேனைக் கண்டதும்தான். ஆனால் கண்ணை இழுப்பது மற்ற இரண்டும்.

‘புலி வருது, புலி வருது’ என்று சும்மா கத்திய ஆட்டுக்காரப் பையனின் கதையைச் சின்ன வயதில் கேட்காதவர்கள் இருக்க முடியாது. சாலையில் மின்னும் மஞ்சள் விளக்குகளுக்கும் அதே கதிதான் நேர்ந்துகொண்டிருக்கிறது. ஒரு நாளில் இருபது முறை பார்த்து, இருபது முறையும் எந்த ஆபத்தும் இல்லையென்றால், இருபத்தோராவது முறை மூளை அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. இதற்குப் பழக்கப்படுதல் என்று பெயர். ஓட்டுநரின் அலட்சியம் என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. பயனில்லாத செய்தியைத் தள்ளிவிடுவது மூளையின் இயல்பு.

கூட்டரசு 3ஆம் எண் சாலையான இந்த வழி ஜோகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி, மெர்சிங் வழியாகக் கிழக்குக் கரைக்குப் போகிறது. கல் குவாரி லோரி, மணல் லோரி, செம்பனைக் குலை ஏற்றிய லோரி, பாசிர் கூடாங் பக்கம் போகும் கண்டெய்னர் எல்லாம் இதில்தான் ஓடுகின்றன. தாமான் புத்ரி வங்சா, டேசா செமெர்லாங் போன்ற குடியிருப்புகளிலிருந்து ஷிப்ட் வேலைக்குப் போகும் மோட்டார் சைக்கிள்களும் இதே சாலையில்தான். மலேசியாவில் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். ஆகவே முன்னால் போகும் லோரியின் விளக்கு சரியான செய்தியைச் சொல்கிறதா என்பது இங்கே உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

மஞ்சள் விளக்குக்கு என்ன பொருள்? நீலம் போலீசுடையது, சிவப்பு தீயணைப்பு வண்டியுடையது. இவற்றைக் கண்டால் வழிவிட வேண்டும். மஞ்சள் வழி கேட்கும் விளக்கு அல்ல. ‘இங்கே வழக்கத்துக்கு மாறான ஒன்று நடக்கிறது, வேகத்தைக் குறைத்துப் பார்த்து வா’ என்பதே அதன் செய்தி. சாலையோரம் கெட்டுப்போன காரை ஏற்றும்போது, சாலையில் குழி மூடும்போது, அளவுக்கு மீறிய பெரிய சுமை மெதுவாக நகரும்போது அது பொருத்தமானது. பிரிட்டனில் 1989ஆம் ஆண்டின் வாகன விளக்கு விதிகளைப் பார்த்தால் இந்தப் பொருள் தெளிவாகப் புரியும். மணிக்கு 25 மைலுக்கு மேல் போக முடியாத வண்டி, நடுவில் தடுப்பு உள்ள இரட்டைச் சாலையில் இறங்கினால் மஞ்சள் விளக்கு கட்டாயம். மற்றவர்கள் எச்சரிக்கைத் தேவை இருக்கும்போது மட்டுமே போடலாம்.

மலேசியாவிலும் ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதி இல்லாமல் விருப்பப்படி மின்னும் விளக்கு மாட்ட முடியாது. 1959ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளும் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும் இதைக் கட்டுப்படுத்துகின்றன. தனியாகத் தண்டனை குறிக்கப்படாத குற்றங்களுக்கு அச்சட்டத்தின் 119ஆம் பிரிவு, முதல் முறைக்கு 2,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்கிறது. சட்டம் இருக்கிறது. ஆனால் காந்த அடி வைத்த விளக்கைக் கூரையில் ஒட்டி, சிகரெட் லைட்டர் துளையில் வயரைச் செருகினால் முடிந்தது வேலை. கழற்றவும் அரை நிமிடம் போதும்.

பிறகு ஏன் எல்லோரும் மாட்டுகிறார்கள்? பயம் ஒரு காரணம். பின்னால் வருபவன் இடித்துவிடக் கூடாதே என்ற நியாயமான பயம். இன்னொரு காரணத்தையும் சொல்லியாக வேண்டும்: விளக்கு மின்னினால் மற்றவர்கள் ஒதுங்குகிறார்கள். அந்தச் சுகம் ஒருமுறை பழகிவிட்டால் ஸ்விட்சை அணைக்க மனம் வராது. இந்தியாவில் அமைச்சர்கள், அதிகாரிகள் என்று ஆரம்பித்து யார் யாரோ காரில் சிவப்பு விளக்கு வைத்துக்கொண்டதும் இப்படித்தான். 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதற்குக் கடிவாளம் போட்டது. 2017 மே 1 முதல் மத்திய அரசு பதவிக்காரர்களின் கார்களிலிருந்து அதை அடியோடு எடுத்துவிட்டது. எச்சரிக்கைக்கு வந்த விளக்கு அந்தஸ்தாக மாறினால் அதன் கதை அவ்வளவுதான்.

பழக்கப்பட்டுப்போவது ஒரு கேடு. கண் கூசுவது அதைவிடப் பெரிய கேடு, அதுவும் இரவில்.

பழைய சுழல் விளக்கில் ஒரு பல்ப் எரிந்துகொண்டே இருக்கும். அதைச் சுற்றி ஒரு கண்ணாடி சுழலும். வெளிச்சம் மெல்ல வந்து மெல்லப் போகும். எல்இடி அப்படியல்ல. முழு வெளிச்சம், உடனே முழு இருட்டு. வெளிச்சமும் சிதறாமல் ஒரே திசையில் ஊசி போல் பாயும். பகல் வெயிலில் தெரிய வேண்டும் என்று செய்யப்பட்ட அதே பிரகாசம் இருட்டிலும் எரியும்போது, பின்னால் வருபவரின் கண்ணுக்குள் ஒளி சிதறி ஒரு திரை போட்டுவிடுகிறது. அந்தத் திரைக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று தெரியாது. இருட்டுக்குப் பழகிய கண், கூசிய பிறகு பழைய நிலைக்கு வரவும் நேரம் எடுக்கும். எழுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு வண்டி 19 மீட்டருக்கு மேல் போய்விடும். இரண்டு வினாடி கண் தடுமாறினால் ஏறக்குறைய 39 மீட்டர் குருட்டு ஓட்டம்.

வயதானவர்களுக்கு இது இன்னும் கடினம். அறுபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, இருபது வயதில் சேர்ந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் கண் வில்லை மங்கத் தொடங்குவதால் உள்ளே ஒளி சிதறுவது அதிகம். இனிப்புநீர் உள்ளவர்களுக்குக் கண்புரை சீக்கிரமே வரும் என்பதும் தெரிந்த விஷயம். நம் சமூகத்தில் அந்த நோய் இல்லாத வீடு குறைவு.

இதில் முதலில் அடிபடக்கூடியவர் யார் என்று யோசித்தால், பதில் கொஞ்சம் வேதனையானது. அது இழுவை லோரிக்காரர்தான். அவர் தம் விளக்குக்குப் பக்கத்தில், சாலையில் குனிந்து சங்கிலி மாட்டிக்கொண்டு இருக்கிறார். விளக்கு எவ்வளவு கடுமையோ, அவ்வளவுக்கு அவர் உருவம் மறைகிறது. ஒரு விபத்து நடந்தால் நான்கைந்து இழுவை லோரிகள் போட்டி போட்டு வந்து நிற்பது இங்கே வழக்கம். ஒவ்வொன்றும் தன் தாளத்தில் மின்னினால், எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது நகர்கிறது, எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தூரத்திலிருந்து வருபவருக்குப் பிடிபடாது. வெளிச்சம் அணைந்து அணைந்து எரியும்போது தூரத்தையும் நெருங்கும் வேகத்தையும் கணக்கிடுவது கண்ணுக்குச் சிரமம்.

விளக்கைப் பார்த்தே ஓட்டுநர் அதை நோக்கி வண்டியைத் திருப்பிவிடுகிறார், விட்டில் பூச்சி போல, என்றும் ஒரு பேச்சு உண்டு. ஆய்வாளர்களிடையே இதில் ஒருமித்த கருத்து இல்லை. களைப்பும் போதையும் சேர்ந்தால் ஆபத்து கூடும் என்ற அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகப் போக்குவரத்து ஆய்வு நிலையம் 2008இல் எச்சரிக்கை விளக்குகளைச் சோதித்துவிட்டுச் சொன்ன யோசனைகளில் இரண்டு இங்கே பொருந்தும். பகலுக்கு ஒரு பிரகாசம், இரவுக்கு வேறு பிரகாசம் வைக்க வேண்டும். வண்டி சாலையை மறித்து நிற்கிறதா இல்லையா என்பதை விளக்கின் நிறமே காட்ட வேண்டும். ஐநா பொருளாதார ஆணையத்தின் 65ஆம் விதியிலும் பகல், இரவு என்று இரண்டு அளவு கொண்ட விளக்கு வகை உண்டு. வினாடிக்கு இரண்டு முதல் நான்கு முறை மின்ன வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. தாறுமாறாக வேகம் கூட்டக் கூடாது என்பதற்கு வேறொரு நியாயமும் இருக்கிறது. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போக்கிமோன் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் வினாடிக்குப் பன்னிரண்டு முறை மாறி மாறி வந்தபோது, 685 பேர், பெரும்பாலும் பிள்ளைகள், மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். வலிப்பு உள்ள சிலருக்கு இத்தகைய மின்னல் ஒத்துக்கொள்வதில்லை.

விளக்கே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சாலையோரத்தில் வேலை செய்பவரின் உயிருக்கு அது தேவை. ஆனால் விளக்கு மட்டும் காப்பாற்றாது. அமெரிக்காவில் இழுவை வண்டி ஊழியர்களும் போலீசாரும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே அடிபட்டுச் சாகிறார்கள். அதனால்தான் ‘வேகத்தைக் குறை, ஒரு தடம் தள்ளிப் போ’ என்று 1996இல் தென் கரோலினாவில் தொடங்கிய சட்டம் 2012க்குள் ஐம்பது மாநிலங்களுக்கும் பரவியது. ஓட்டுநர் என்ன செய்ய வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது.

லோரி உரிமையாளர்களுக்குச் செலவு அதிகம் வைக்காத வழிகள் இருக்கின்றன. வண்டி நகரும்போது விளக்கு அணைந்திருக்கட்டும். கெட்டுப்போன வண்டியை ஏற்றி முடித்துக் கிளம்பும்போது ஸ்விட்சைத் தட்டினால் போதும். இரவுக்குப் பிரகாசம் குறைக்கும் வசதி உள்ள விளக்கை வாங்கலாம். லோரியின் பின்புறத்திலும் பக்கவாட்டிலும் ஒளி திருப்பும் பட்டையைச் சேறு துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தால், பின்னால் வருபவரின் ஹெட்லைட்டிலேயே வண்டியின் முழு உருவமும் தெரியும். அதற்குக் கரண்டும் வேண்டாம், கண்ணும் கூசாது. சங்கிலி மாட்ட இறங்குபவர் ஒளி திருப்பும் மேல்சட்டை போட்டிருக்க வேண்டும். முக்கோணப் பலகையை வண்டியின் காலடியிலேயே வைக்காமல், வருபவர் பிரேக் பிடிக்க நேரம் கிடைக்கும் தூரத்தில் வைக்க வேண்டும்.

தோட்டத்துச் சாலைகளுக்கு இது இன்னும் அதிகமாகவே பொருந்தும். அங்கே தெருவிளக்கு இல்லை. குலை ஏற்ற வரும் லோரி ஒன்று கூரை விளக்கோடு வளைவில் திரும்பினால், எதிரே சைக்கிளில் வருபவருக்குச் சில வினாடி செம்பனை மரமும் தெரியாது, பள்ளமும் தெரியாது. இரவில் உள்ளே வரும் லோரிகள் மின்னும் விளக்கை அணைத்துவிட்டு வரும்படி கேட்பதற்குத் தோட்ட நிர்வாகத்துக்கு எந்தச் சட்டமும் தேவையில்லை. வாசல் காவலரிடம் சொல்லி வைத்தால் போதும்.

பெரிய சாலையில் தொல்லை தருபவர்களைப் பற்றி ஜேபிஜேயின் இ-அடுவான் வழியாகப் புகார் கொடுக்கலாம். வண்டி எண், இடம், தேதி, நேரம் நான்கும் வேண்டும். படம் எடுப்பது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் வேலை. வண்டி ஓட்டுபவர் கைப்பேசியைத் தொட வேண்டாம்.