ஆராதனையும் அயலாரும்

கிறிஸ்தவத் திருச்சபை தன் ஆராதனை முறைகளைப் பிற சமயத்தாரின் உள்ளத்தைக் கவருமாறு மாற்றியமைத்தல் தகுமோ தகாதோ என்னும் வினா இன்று நேற்று எழுந்ததன்று. திருச்சபை எந்நாட்டிற் சென்று நிலைபெற்றதோ, அந்நாட்டிற்கெல்லாம் இவ்வினாவும் உடன் சென்றது. நம் தமிழ் நாட்டில் 400 ஆண்டுகளுக்கு மேலாக இதனைப் பற்றிய விவாதம் நடந்து வருகின்றது. "மக்கள் வாராத ஆலயத்தால் யாது பயன்? வருவோர்க்கு ஏற்றவாறு வழிபாட்டை அமைப்பதே அறிவுடைமை" என்பர் ஒரு சாரார். "முன்னோர் தந்த முறையில் ஓரெழுத்தையும் மாற்றலாகாது" என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் மாற்றம் என்பதனை ஒரே தன்மையதாகக் கருதி விடுகின்றனர். எதனை மாற்றுகின்றோம், யாருக்காக மாற்றுகின்றோம், அம்மாற்றத்தால் யார் வாயிற்படிக்கு வெளியே நிறுத்தப்படுகின்றனர் என்னும் மூன்றனையும் பகுத்தாராய்ந்த பின்னரே இவ்வினாவிற்கு விடை கூறல் இயலும்.

முதற்கண் ஆதித் திருச்சபையின் வழக்கத்தை நோக்குவோம். பவுல் அப்போஸ்தலர் கொரிந்து நகரச் சபையாருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 14-ஆம் அதிகாரத்தில் இப்பொருளையே எடுத்துப் பேசுகின்றார். சபையார் அனைவரும் பிறர்க்கு விளங்காத பாஷைகளில் பேசிக்கொண்டிருக்கும்போது அயலான் ஒருவன் உள்ளே வந்தால், இவர்களுக்குப் பித்துப் பிடித்ததென்றே எண்ணுவான் என்றும், விளங்கும் மொழியில் பேசினாலோ அவன் உள்ளத்தின் மறைவுகள் வெளிப்பட்டுக் கடவுளைப் பணிவான் என்றும் அவர் கூறுகின்றார். ஆகவே, வந்திருக்கும் அயலானை மறந்து ஆராதனை செய்தல் ஆகாது என்பது அப்போஸ்தலரின் கருத்தாகும். எனினும் அவனை மகிழ்விக்கும் பொருட்டு ஒன்றைச் சேர்க்குமாறோ, அவன் மனம் புண்படாதிருக்கும் பொருட்டு ஒன்றை விடுமாறோ அவர் பணித்தாரல்லர். விளங்குமாறு செய்யவே பணித்தார்.

இதற்கு அடுத்த நூற்றாண்டின் வழக்கமோ இக்காலத்தார்க்கு வியப்பைத் தரும். ஏறத்தாழ 155-ஆம் ஆண்டில் ரோமாபுரியில் எழுதிய ஜஸ்டின் என்னும் ஞானி, ஞானஸ்நானம் பெற்றோரன்றி ஏனையோர் திருவிருந்திற் பங்குபெறலாகாது என்று தெளிவாகக் கூறுகின்றார். பின்னர், உபதேசம் கேட்போராயிருந்தவர்களையுங்கூட வேத வாசகமும் பிரசங்கமும் முடிந்தவுடன் வெளியே அனுப்பிவிட்டுத் திருவிருந்தை நடத்தும் முறை பல சபைகளிலும் நிலைபெற்றது. அயலாரைக் கவருதலே ஆராதனையின் நோக்கமாயின், இதனினும் மாறான ஒரு முறையை நினைத்தற்கும் அரிது. ஆயினும் 313-ஆம் ஆண்டில் அரசாங்கம் சமய உரிமை வழங்குமுன்னரே அத்திருச்சபை ரோம இராச்சியமெங்கும் பரவிற்று. பிறரைக் கவர்ந்தது அவர்களின் வழிபாட்டுச் சிறப்பன்று. ஏழைகளையும் விதவைகளையும் நோயாளிகளையும் அவர்கள் பேணிய அன்பும், துன்புறுத்தலின்போது காட்டிய உறுதியுமே ஆம்.

இனி நம் நாட்டு வரலாற்றிற்கு வருவோம். 1577-ஆம் ஆண்டில் ரோமாபுரியிற் பிறந்த இயேசு சபைக் குருவாகிய ராபர்ட் தெ நொபிலி, 1606-ஆம் ஆண்டில் மதுரையை அடைந்தார். அவருக்கு முன்னரே அந்நகரில் ஒரு குரு பத்தாண்டுகளுக்கு மேலாகப் பணி செய்திருந்தும், மதுரை மக்கள் கிறிஸ்து சமயத்தைப் பறங்கி மார்க்கமென்றே ஒதுக்கி வந்தனர். மதுவும் மாமிசமும் உண்டு, ஆசாரமின்றி வாழ்வோரின் மார்க்கத்தில் சேர்தல் இழிவென்பது அவர்கள் எண்ணம். தெ நொபிலி இதனை உணர்ந்து காவியுடுத்தார், புலாலை நீக்கினார், தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்றார், தமிழ் உரைநடையிற் பெரு நூல்கள் இயற்றினார். கோயில், பூசை, அருள், பிரசாதம், குரு என நம் மக்கள் வழங்கிய சொற்களையே கிறிஸ்தவ வழிபாட்டிற்குரிய சொற்களாக ஆக்கிக்கொண்டார். பூணூல், சந்தனம் முதலியவற்றைக் கிறிஸ்தவரானோர் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாமா என்பது பற்றிக் கோவாவில் பெருங் கலகம் விளைந்தது. 1623-ஆம் ஆண்டில் போப்பரசர் 15-ஆம் கிரகோரியார் அவற்றை நிபந்தனையோடு அனுமதித்தார்.

தெ நொபிலியின் தியாகத்தையும் புலமையையும் போற்றாதார் யார்? தமிழிற் கிறிஸ்தவ உரைநடைக்கு அவர் செய்த உதவி அளவிடற்கரியது. எனினும் அம்முறைக்குக் கொடுத்த விலையையும் மறைத்தலாகாது. உயர்குலத்தாரைக் கவரும் பொருட்டு அவர் மதுரையிற் பரதவக் கிறிஸ்தவரின் ஆலயத்தினின்றும் வேறாகத் தனி ஆலயம் அமைத்தார். பிராமண சந்நியாசியைப் போல் வாழ்ந்த குருமார் ஒடுக்கப்பட்ட சாதியாரின் இல்லங்களுக்கு வெளிப்படையாகச் செல்லுதல் இயலாதாயிற்று. ஆகவே, 1640-ஆம் ஆண்டு முதல் பண்டாரசாமிகள் எனப்பட்ட வேறொரு வகைக் குருமார் அவர்களுக்கென ஏற்பட்டனர். ஒரே கர்த்தருக்கு ஊழியஞ் செய்வோர் ஒருவரோடொருவர் கலந்து பழகாத இரு பிரிவினராயினர். போப்பரசரின் 1623-ஆம் ஆண்டு ஆணையிலேயே, குலப்பெருமை பாராட்டுவோர் ஆலயத்தில் எளியோரை இகழ்ந்து அவர்களினின்றும் விலகி வேதங்கேட்டலும் அருட்சாதனங்களைப் பெறுதலும் வேண்டாவென்று இரந்து கேட்கும் அறிவுரையும் இருந்தது. பூணூலுக்கும் சந்தனத்திற்கும் கிடைத்த அனுமதியை நாடு நினைவில் வைத்தது, அவ்வறிவுரையை மறந்துவிட்டது. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் ஆலயத்தினுள் சாதியாரைப் பிரித்து நின்ற தடுப்பு 1910-ஆம் ஆண்டிலேதான் நீங்கிற்று.

சீர்திருத்தச் சபையாரின் வரலாற்றிலும் இதே வினா வேறு வடிவில் எழுந்தது. 1706-ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயரும் அவர் வழிவந்தோரும் வேதாகமத்தைத் தமிழில் தந்தனர். பாடல்களையோ ஜெர்மானிய மெட்டுகளிலேயே தமிழ்ச் சொற்களை அமைத்துப் பாடச் செய்தனர். தமிழ்ப் பண்ணும் தாளமும் ஆலயத்தினுட் புகுந்தது முக்கியமாகத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாராலாகும். 1774-ஆம் ஆண்டிற் பிறந்து, சுவார்ட்சு ஐயரிடம் வளர்ந்து, சரபோஜி மன்னரால் ஆதரிக்கப்பட்டு, 1864-ஆம் ஆண்டு வரை வாழ்ந்த அப்புலவர் இயற்றிய கீர்த்தனைகள், விசுவாசிகள் தம் இல்லங்களிலும் கூட்டங்களிலும் தாமே பாடி மகிழுமாறு எழுந்தவை. தம் ஆண்டவரைத் தம் நாவினால் துதித்தல் வேண்டும் என்னும் வேட்கையே அவற்றின் பிறப்பிடம். பின்வந்த மிஷனெரிமார் சிலர் அவற்றை விரும்பாது தடுத்தும் அவை அழியவில்லை. அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் ஐயர் 1853-ஆம் ஆண்டிற் கீர்த்தனைகளைத் திரட்டி அச்சிட்டார். இன்றும் ஞாயிறுதோறும் நம் ஆலயங்களில் ஒலிப்பவற்றுள் அவையும் உள்ளன. அயலாரைக் கவர முயலாத அக்கீர்த்தனைகளைத் தெருவிற் செல்லும் அயலார் நின்று கேட்கின்றனர் என்பது சிந்திக்கத் தக்கது.

ஆயின் அவ்வரலாற்றிலும் ஒரு முள் உண்டு. அதே சாஸ்திரியார், ஆலயத்திற் சாதி வேறுபாடின்றி யாவரும் ஒருங்கே அமர்தல் வேண்டும் என்று புதிய மிஷனெரிமார் வற்புறுத்தியபோது அதனை மறுத்து 1829-ஆம் ஆண்டளவில் எழுதினார். தமிழ் இசையைக் காத்த அப்பெரியாரே தனியிருக்கையையும் தமிழ் வழக்கமென்று காத்தார். 1833-ஆம் ஆண்டிற் கல்கத்தா அத்தியட்சர் டானியேல் வில்சன், சபைக்குள் சாதியை அறவே விடல் வேண்டுமென்று கட்டளையிட்டார். அதன் பயனாகத் தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு விலகினர். கூட்டம் பெருகுவதே ஆராதனையின் அளவுகோலாயின், வில்சன் அத்தியட்சரின் கட்டளை பெரும் பிழையாதல் வேண்டும். அங்ஙனம் இன்று சொல்லத் துணிவார் யார்? இசையை மறுத்த மிஷனெரிமார் தவறினர். இருக்கையை ஒன்றாக்கிய மிஷனெரிமார் தவறவில்லை. நாட்டு வழக்கமெல்லாம் கொள்ளத்தக்கதுமன்று; தள்ளத்தக்கதுமன்று என்பது இதனாற் பெறப்படும்.

கடந்த நூற்றாண்டில் இம்முயற்சிகள் புத்துயிர் பெற்றன. 1921-ஆம் ஆண்டில் மருத்துவர்களாகிய சவரிராயன் ஏசுதாசனும் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் திருப்பத்தூரில் நிறுவிய கிறிஸ்துகுல ஆசிரமத்தில், திராவிடச் சிற்ப முறையில் ஜெபாலயம் எழுந்தது. திருநெல்வேலியிற் பிறந்து தெலுங்கு நாட்டில் அத்தியட்சராய் விளங்கிய அசரியா ஐயர் கட்டிய தோர்ணக்கல் பேராலயம், இந்து, முகம்மதிய, கிறிஸ்தவச் சிற்ப முறைகள் கலந்ததாய் 1939-ஆம் ஆண்டு சனவரியில் பிரதிஷ்டை செய்யப்பட்டது. 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் பிறந்த தென்னிந்தியத் திருச்சபை, 1950-ஆம் ஆண்டில் வெளியிட்ட திருவிருந்து முறைமையில், சமாதான வாழ்த்தைக் கையோடு கைசேர்த்து ஒருவர்க்கொருவர் வழங்கும் பழைய சுரியானி வழக்கத்தைப் புகுத்திற்று. கத்தோலிக்கத் திருச்சபையில், 2-ஆம் வத்திக்கான் சங்கம் 1963-ஆம் ஆண்டில் வழிபாட்டைப் பற்றி ஆணை தந்தபின், தரையில் அமர்தல், அஞ்சலி செய்தல், குத்துவிளக்கு, ஆரத்தி முதலிய 12 மாற்றங்களுக்கு 1969-ஆம் ஆண்டில் ரோமாபுரியின் அனுமதி கிடைத்தது.

இவற்றிற்கு இரு பக்கத்தினின்றும் எதிர்ப்பு எழுந்தது. இந்து அன்பர் சிலர், "எம் வழிபாட்டின் அடையாளங்களை எம்மை ஈர்க்கும் தூண்டிலாக்குகின்றீர்கள்" என்றனர். இக்குற்றச்சாட்டைத் திருச்சபை அலட்சியம் செய்தல் ஆகாது. ஒருவர் புனிதமெனக் கருதும் ஒன்றைப் பொருளறியாது எடுத்தாளுதல் அயலானை மதிப்பதாகாது. மற்றோர் எதிர்ப்பு திருச்சபையின் உள்ளிருந்தே வந்தது. மதுரை மீனாட்சி கோயிலினுள் ஒடுக்கப்பட்ட மக்கள் முதன்முதல் அழைத்துச் செல்லப்பட்டது 1939-ஆம் ஆண்டு சூலைத் திங்களில். தோர்ணக்கல் பேராலயம் பிரதிஷ்டையாகி ஆறு திங்கள் கழிந்த பின்னர். கிறிஸ்தவர்களுட் பெரும் பகுதியினர் அக்கோயில்களினுட் கால்வைக்க விடப்படாதிருந்த மக்களின் வழித்தோன்றல்கள் ஆவர். அவர்களிடம் சென்று, கருவறையும் வடமொழிச் சுலோகமும் கருநாடக இசையுமே உங்கள் நாட்டுப் பண்பாடு என்று கூறினால், அவர்கள் எங்ஙனம் ஏற்பர்? அரசரடித் தமிழ்நாடு இறையியற் கல்லூரியில் ஆசிரியராயிருந்து 2005-ஆம் ஆண்டில் மறைந்த தியாபிலஸ் அப்பாவு ஐயர் இதனை நன்குணர்ந்தார். கிராமத்து ஏழைகளின் நாட்டுப்புற மெட்டுகளிலும், அவர்களின் பேச்சு மொழியிலும் அவர் வழிபாட்டு முறையொன்றை அமைத்தார். இழிவெனத் தள்ளப்பட்ட பறையொலியும் இறைவன் திருமுன் ஒலிக்கத் தக்கதென்றார். நாட்டுக்கேற்ற வழிபாடு என்னும்போது, நாட்டில் யாருக்கு ஏற்றது என்றும் கேட்டல் வேண்டும் என்பதே அவர் நமக்கு விட்டுச்சென்ற பாடம்.

இக்காலத்தில் மேல்நாட்டினின்றும் வேறொரு முறை வந்துள்ளது. அமெரிக்காவிற் சிக்காகோ நகரின் புறத்தே 1975-ஆம் ஆண்டில் ஒரு சினிமாக் கொட்டகையில் தொடங்கிய வில்லோ கிரீக் சபையார், மக்கள் ஆலயத்திற்கு வாராமைக்குக் காரணங்களை வீடுதோறும் சென்று விசாரித்தனர். பின்னர், வார இறுதிக் கூட்டங்களைச் சமயப் பழக்கமற்றோர்க்கு ஏற்றவையாக நாடகத்தோடும் புதிய இசையோடும் நடத்தி, விசுவாசிகளின் ஆராதனையை வார நடுவில் வைத்தனர். கூட்டம் பல்லாயிரமாகப் பெருகிற்று. உலகெங்கும் சபைகள் அம்முறையைப் பின்பற்றலாயின. ஆயினும் அச்சபையாரே தம் உறுப்பினரிடம் நடத்திய ஆய்வை 2007-ஆம் ஆண்டில் வெளியிட்டபோது, நிகழ்ச்சிகளில் மிகுதியாகக் கலந்துகொள்வதனாலேயே ஒருவரின் இறையன்பும் பிறரன்பும் வளர்வதில்லை என்று கூறினர். இவ்வுண்மையை மறையாது வெளியிட்ட அவர்தம் நேர்மை பாராட்டற்குரியது. நம் நகரங்களில் ஒளிவிளக்கும் பெருந்திரையும் முழக்கமும் கொண்டு கூட்டம் சேர்ப்போர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

இதுகாறும் கூறியவற்றால் விளங்குவது யாது? ஆராதனை, கூடியுள்ளோர் இறைவனுக்குச் செலுத்தும் காணிக்கை. அயலார்க்குக் காட்டும் காட்சியன்று. ஆகவே அதில் மாற்றம் செய்யுமுன், "இதனால் எத்துணைப் பேர் வருவர்?" என்பதற்கு முன்னதாகக் கேட்கவேண்டிய வினாக்கள் உள. நம்முட் கடையராய் எண்ணப்படுவோரும் இதனைத் தம் சொந்தக் குரலாற் செலுத்த இயலுமா? உள்ளே வரும் விருந்தினர்க்கு இதன் பொருள் விளங்குமா? இதனை நாம் உண்மையாகவே நம்பிச் செய்கின்றோமா? இம்மூன்றற்கும் ஆமென்று விடை வருமாயின், தயங்காது மாற்றுக. விளங்காத மொழியையும் உயிரற்ற பழக்கத்தையும் முன்னோர் பெயரால் காத்து நிற்றல் வேண்டா. யாரையேனும் வெளியே நிறுத்தி வேறு யாரையேனும் உள்ளே அழைக்கும் மாற்றமாயின், அதனால் ஆயிரவர் வரினும் அதனை விடுக.

நம் போன்ற மிஷன் கல்லூரிகளுக்கு இதனிற் சிறப்பான பங்குண்டு. இங்குப் பயில்வோருட் பலர் பிற சமயத்தார். கல்லூரி ஆலயத்தின் கதவு திறந்திருக்கையில் அவர்களுட் சிலர் உள்ளே வந்து பின்வரிசையில் அமர்வர். அவர்களைக் கவரும் வித்தைகள் நமக்கு வேண்டா. அவர்களிடமிருந்து எதனையும் மறைத்தலும் வேண்டா. அவர்க்கு விளங்குமாறு ஜெபிப்போம்; நம் தமிழிற் பாடுவோம்; நம்மோடு விடுதியிற் பணிபுரிவோரும் நம் பேராசிரியரும் ஒரே வரிசையில் அமர்ந்திருப்பதை அவர்கள் காணட்டும். தாம் கண்டதும் கேட்டதும் மெய்யென்று அவர்கள் உணர்ந்து செல்வாராயின், ஆராதனை தன் கடமையைச் செய்ததாகும். அதற்கப்பால் நிகழ்வது இறைவன் திருவுளம்.