நோய் வரலாற்று நூல்களும் வைத்தியப் பதிவுப் பரீட்சையும்

மைசூருக்குத் தெற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், கபினி ஆற்றங்கரையில் அமைந்திருக்கும் ஊர் நஞ்சன்கூடு. நஞ்சை உண்ட இறைவன் பெயரால் அது வழங்கி வருகிறது. ஆற்றுப் பாசனத்தால் அவ்வட்டாரத்தில் நெல்லும் கரும்பும் விளைகின்றன. நெல் உள்ள இடத்தில் எலியும், எலி உள்ள இடத்தில் பாம்பும் இருத்தல் இயல்பே. அத்தகைய வட்டாரத்தை மனத்திற்கொண்டு பயிற்சிக்காக அமைக்கப்பட்ட நோய் வரலாறு ஒன்றை முதலில் நோக்கலாம்.

முப்பது வயதுள்ள கூலியாள் ஒருவர் இரவில் தரையில் பாய் விரித்து உறங்குகிறார். விடியற்காலை நான்கு மணிக்குக் கடும் வயிற்று வலியுடன் விழித்துக்கொள்கிறார். ஒருமுறை வாந்தியும் உண்டாகிறது. உடலில் காயமோ வீக்கமோ காணப்படவில்லை. ஆறு மணிக்கு அவருடைய கண்ணிமைகள் தாமாகவே தாழ்கின்றன, பேச்சுக் குழறுகிறது, உமிழ்நீரை விழுங்க இயலவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அவரைக் கொண்டு வருகின்றனர். வைத்தியர் அடுத்துச் செய்யவேண்டியது யாது? விடைகளாக நான்கு தரப்பட்டுள்ளன: அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் அனுப்புதல், மூளையைப் படம் எடுக்கச் செய்தல், இரத்தம் உறையும் சோதனையின் முடிவுக்காகக் காத்திருத்தல், சுவாசத்தைப் பாதுகாத்து, நஞ்சு முறி மருந்தைத் தொடங்குதல்.

இந்தியாவில் வைத்தியத் தொழிலுக்குப் பதிவு பெற விரும்பும் அயல்நாட்டுப் பட்டதாரிகள் இவ்வகை வினாக்களையே எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. அவர்களுக்கான பரீட்சையைத் தேசியப் பரீட்சை வாரியம் 2002ஆம் ஆண்டு முதல் நடத்தி வருகிறது. மொத்தம் 300 வினாக்கள். அவற்றுள் 150க்குச் சரியான விடை அளித்தால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. அவ்வாறிருந்தும் எழுதுவோரிற் பெரும்பகுதியினர் ஒவ்வொரு தடவையும் தவறிவிடுகின்றனர். ருஷ்யா, சீனா, பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளில் கடன்பட்டுப் படித்துத் திரும்பிய இளைஞர்கள், பட்டம் கையிலிருந்தும் நோயாளியைத் தொட உரிமையின்றி ஆண்டுக்கணக்கிற் காத்திருக்கும் நிலை இதனால் ஏற்படுகிறது. உள்நாட்டில் பயின்றோரும் அயல்நாட்டில் பயின்றோரும் எழுதவேண்டிய பொதுவான இறுதிப் பரீட்சைக்கு 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் வகை செய்துள்ளது.

இப்பரீட்சைகளுக்கு ஆயத்தம் செய்வோர் நோய் வரலாற்று நூல்களை நாடுகின்றனர். மாணாக்கர் இவற்றைக் கேஸ் புத்தகங்கள் என்றே வழங்குவர். இம்முறை புதிதன்று. சட்டக் கல்லூரியில் வழக்குகளைக் கொண்டு சட்டம் கற்பிக்கப்படுவதைக் கண்ட வால்டர் கானன் என்பார், ஹார்வர்டில் தாம் வைத்திய மாணாக்கராயிருந்தபொழுதே, நோயாளிகளின் வரலாறுகளைக் கொண்டு வைத்தியம் கற்பிக்கலாமென்று 1900ஆம் ஆண்டில் எழுதினார். பாஸ்டன் நகரத்து ரிச்சர்டு காபட் அதனைச் செயற்படுத்தி, 1906இல் அதுபற்றி ஒரு நூலும் வெளியிட்டார்.

நூல் நல்லதாயிருந்தும் அதனைப் பயன்படுத்தும் முறை பெரும்பாலும் தவறாகவே இருக்கிறது. மாணாக்கர் வரலாற்றை ஒருமுறை படித்து, உடனே பக்கத்தைத் திருப்பி விடையைக் காண்கிறார். "இது எனக்குத் தெரிந்ததே" என்று எண்ணி அடுத்ததற்குச் செல்கிறார். விடையைக் கண்டபின் எல்லாமே தெரிந்தவையாகத்தான் தோன்றும். இவ்வாறு இருநூறு வரலாறுகளைப் படித்தவர் இருநூறு நோய்ப் பெயர்களை அறிவாரேயன்றி, ஒரு நோயாளியைப் பற்றியேனும் தாமாக முடிவு செய்திருக்கமாட்டார்.

விடைப் பகுதியை ஒரு தாளால் மறைத்து வைத்தலே முதல் விதி. மேலே கண்ட வரலாற்றில் வயிற்று வலியும் வாந்தியும் என்ற இடத்தில் நிறுத்திக்கொண்டு, இருக்கக்கூடிய நோய்கள் மூன்றினைக் குறிப்பேட்டில் எழுதவேண்டும். அங்கே குடல்வால் அழற்சி எழுதப்படுமாயின் அதில் தவறில்லை. இமை தாழ்ந்தது என்ற செய்தி வந்தவுடன் அப்பட்டியலை அடித்துத் திருத்தவேண்டும். வயிற்று நோய் எதுவும் இமையைத் தாழ்த்துவதில்லை. மூளையில் இரத்தக்குழாய் அடைபட்டிருக்கலாமே எனின், அது பெரும்பாலும் உடலின் ஒரு பக்கத்தையே தாக்கும். இங்கோ இரு இமைகளும் தாழ்ந்துள்ளன. இரவு, தரையில் உறக்கம், காயமின்மை, விடியலில் வயிற்று வலி, பின்னர்ப் பக்கவேறுபாடின்றிப் பரவும் தசைச் சோர்வு ஆகிய யாவும் கட்டுவிரியன் கடியையே சுட்டுகின்றன. அதன் பற்கள் மிகச் சிறியவை. கடித்த இடம் பல சமயங்களில் தெரிவதேயில்லை.

மூன்றாவது விடையே நன்கு படித்தவரையும் ஏமாற்றவல்லது. இரண்டு மில்லிலிட்டர் இரத்தத்தை உலர்ந்த புதிய கண்ணாடிக் குழாயில் இட்டு, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்கும் சோதனை பாம்புக்கடியில் இன்றியமையாததே. ஆயின் இரத்தம் உறையாமற் செய்வது கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சாகும். கட்டுவிரியன் நஞ்சு நரம்பு முனைகளையே அழிக்கிறது. ஆகவே இரத்தம் ஒழுங்காக உறைந்துவிடும். அதைக் கண்டு "நஞ்சு ஏறவில்லை" என்று தேறுதலடைபவர் நோயாளியை இழப்பார். சோதனையைச் செய்யலாம், காத்திருத்தல் கூடாது. நான்காவது விடையே சரியானது.

தவறான விடையைக் குறித்தவர் சரியானதை எழுதிவைப்பதோடு அமையாமல், தவறானது தமக்கு ஏன் சரியாகத் தோன்றிற்று என்பதையும் ஒரு வரியில் எழுதிவைக்க வேண்டும். பரீட்சைக்கு முந்திய வாரத்தில் தடித்த நூல்களைவிட அக்குறிப்பேடே மிகுதியாக உதவும்.

அயல்நாட்டு நூல்களைக் கொண்டு படிப்போர் மற்றொன்றையும் கவனித்தல் நலம். காட்டிற்குச் சென்றுவந்தவருக்குக் காய்ச்சல் என்றால், அமெரிக்க நூலில் பெரும்பாலும் உண்ணியால் வரும் லைம் நோயே விடையாகும். நஞ்சன்கூட்டிற்குத் தெற்கே பரந்துள்ள பந்திப்பூர்க் காட்டில் அதே வரலாறு வேறு விடையை வேண்டுகிறது. 1957ஆம் ஆண்டு சிமோகா மாவட்டத்துக் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் மாண்டதைத் தொடர்ந்து கண்டறியப்பட்ட உண்ணிக் காய்ச்சல், 2012இல் பந்திப்பூரிலும் காணப்பட்டது. குரங்கு இறந்து கிடந்ததா என்று கேட்க எந்த அமெரிக்க நூலும் கற்பிக்காது. அச்செய்தியைக் களப் பணியாளரே கொண்டுவரவேண்டும். அவர் தமது பதிவேட்டில் குறிக்கும் "தரையில் உறங்கியவர்" என்ற இரு சொற்களும் அத்தகைய மதிப்புடையனவே. கர்நாடக அரசாங்கம் 2024ஆம் ஆண்டில் பாம்புக்கடியை அறிவிக்கப்படவேண்டிய நோயாக்கியிருப்பதால், இனி இப்பதிவுகள் பெருகும். நோயாளியின் பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டு அவற்றைப் பயிற்சி வரலாறுகளாக அமைத்துக்கொள்வது ஆசிரியர்களுக்குக் கடினமன்று.

கூலியாளின் வரலாறு இன்னும் முடியவில்லை. நஞ்சு முறி மருந்து பத்துக் குப்பிகள் நரம்பு வழியே செலுத்தப்படுகின்றன. ஒவ்வாமை ஏற்படின் கொடுப்பதற்கு அட்ரினலின் பக்கத்திலேயே இருக்கிறது. நல்லபாம்புக் கடியில் பெரிதும் உதவும் நியோஸ்டிக்மின் ஊசி இங்கே அவ்வளவாகப் பயன்படவில்லை. ஒரு மணி நேரம் சென்றும் இமைகள் உயரவில்லை. மூச்சு மேலும் தளர்கிறது. முறி மருந்து இரத்தத்தில் எஞ்சிய நஞ்சை முறிக்குமேயன்றி, அழிந்த நரம்பு முனைகளை உடனே மீட்காது. அவை வளர்ந்து சீரடையப் பல நாட்கள் ஆகலாம். அதுவரை சுவாசம் காக்கப்படின் நோயாளி முழுமையாகக் குணமடைவார். நிலையத்திலோ செயற்கைச் சுவாசக் கருவி இல்லை. அடுத்துச் செய்யவேண்டியது யாது என்று நூல் மறுபடியும் கேட்கிறது. சுவாசக் குழாயைப் பொருத்தி, ஒருவர் கையால் ஆம்பு பையை அழுத்திக்கொண்டே வர, நோயாளியை ஆம்புலன்ஸில் மைசூருக்குக் கொண்டு செல்லவேண்டும் என்பதே மறைத்துவைத்த தாளின் கீழுள்ள விடை.