பழைய இல்லக் கணினிகளின் மின்னழுத்த அளவீடு

அளவுகருவி காட்டும் எண்ணைப் படித்தல் எளிது. அவ்வெண் எவ்விடத்தில், எந்நிலையிற் பெறப்பட்டதென ஆராய்ந்து பொருள் கொள்ளுதல் அரிது. இவ்வுண்மை பழைய இல்லக் கணினிகளைப் பேணுவோருக்கு மிகவும் வேண்டப்படுவதாகும். 1982ஆம் ஆண்டில் வெளிவந்த சிங்கிளேயர் ஸ்பெக்ட்ரம், கொமடோர் 64 முதலியன இன்று அரும்பொருள்களாகப் போற்றப்படுகின்றன. அவற்றின் சில்லுகள் பல இப்போது ஆக்கப்படுவதில்லை. மின்வழங்கியில் நேரும் ஒரு பிழை அவற்றைக் கணப்பொழுதில் அழித்துவிட வல்லது.

மின்வழங்கியின் இயல்பை விளக்க மலையகத்தாருக்கு உவமை தேடி நெடுந்தூரஞ் செல்லவேண்டியதில்லை. அட்டனுக்கு அண்மையிலுள்ள காசல்ரீ நீர்த்தேக்கம் அதற்குச் சாலும். நீர்மின் வலுவின் பயனை 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்த பொறியியலாளர் விமலசுரேந்திரவின் பெயரைத் தாங்கி, 1965இல் இயங்கத் தொடங்கிய மின்னிலையத்துக்கு நீர் வழங்குவது அத்தேக்கமே. மழை தன் விருப்பிற் பெய்யும். தேக்கம் அதனை ஏற்று வைக்கும். மதகு வேண்டிய அளவே நீரை விடும். மின்வழங்கியும் இவ்வாறானதே. நிலைமாற்றி 230 வோல்ற்றைக் குறைக்கின்றது. சீராக்கி ஆடலோட்டத்தை ஒரே திசைப்படுத்துகின்றது. அங்ஙனம் வரும் மின் செக்கனுக்கு 100 துடிப்புகளாக வருதலின், கொள்ளளவி அதனைத் தேக்கி வைக்கின்றது. ரெகுலேற்றர் என வழங்கும் நிலைநிறுத்தி மதகுபோல நின்று மாறா அழுத்தத்தை அளிக்கின்றது. தேக்கத்தின் நீர் மதகின் மட்டத்துக்குக் கீழே இறங்குமாயின், மதகைப் பழுது பார்ப்பதாற் பயனில்லை.

இக்கணினிகளிற் பெரிதும் பயன்பட்ட 7805 என்னும் நிலைநிறுத்தி 5 வோல்ற்றைத் தருவது. 4.75க்கும் 5.25க்கும் இடைப்பட்ட அளவு ஏற்கத்தக்கது. எனினும் அதன் வாயிலில் ஏறத்தாழ 7 வோல்ற்றேனும் எப்பொழுதும் இருத்தல் வேண்டும். ஆகவே வெளியீடு குறைந்து காணப்படின், முதலில் அளக்கவேண்டியது உள்ளீட்டையே.

அங்கும் மயக்கங்கள் உள. ஸ்பெக்ட்ரத்தின் 9 வோல்ற்று வழங்கி, சுமையின்றி அளக்கும்போது 12 வோல்ற்றுக்கு மேலுங் காட்டும், அது குற்றமன்று. அவ்வாறே, சுமையின்றிப் பெற்ற நல்ல அளவு வழங்கியின் நலத்துக்குச் சான்றுமன்று. இங்கிலாந்தின் 240 வோல்ற்றுக்கென ஆக்கப்பட்ட அவ்வழங்கி, நெடுந்தொலைவு சென்ற மின்கம்பியின் கடைக்கோடியில் 190 வோல்ற்றே பெறுமாயின், 9 வோல்ற்று ஏறத்தாழ 7.1 ஆகக் குறையும்.

மேலும், நேரோட்ட வீச்சில் மானி காட்டுவது சராசரியையே. இடையிடையே தோன்றும் பள்ளங்களை அது காட்டாது. 4700 மைக்குரோபரட்டுக் கொள்ளளவியிலிருந்து 1 அம்பியர் எடுக்கப்படின், ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் அழுத்தம் ஏறத்தாழ 2 வோல்ற்று வீழும். ஆண்டுகள் பலவாக உலர்ந்து அதன் கொள்ளளவு பாதியானால், வீழ்ச்சி 4 வோல்ற்றாகும். அப்போது மானி 9 எனக் காட்டினும் பள்ளம் 7ஐத் தொடும். திரையில் அலையும் பட்டைகளும், காரணமின்றி அறுபடும் நிரல்களும் இதன் அறிகுறிகள். நேரோட்டத்தைத் தடுக்கும் மானியின் ஆடலோட்ட வீச்சில் ஒரு வோல்ற்றுக்கு மேற் காணப்படின், ஐயுறவேண்டியது கொள்ளளவியையே.

உள்ளீடு போதியதாகவும் வெளியீடு குறைவாகவும் இருப்பின், சுமையை நீக்கி அளத்தல் வேண்டும். 5 வோல்ற்று மீளுமாயின், அப்பாலுள்ள ஏதோ ஓர் உறுப்பு மிகை மின்னோட்டத்தை இழுக்கின்றது எனலாம். சிறிது நேரம் இயங்கி நின்று, ஆறியபின் மீண்டும் இயங்குமாயின், வெப்பமிகுதியால் நிலைநிறுத்தி தன்னைத் தானே நிறுத்திக்கொண்டதென்க. நிலைநிறுத்தியில் 5 வோல்ற்றும் சில்லின் காலில் 4.5 வோல்ற்றுமாயின், குற்றம் இடைவழியிலுள்ளது. நுவரெலியாவின் மூடுபனி ஈரத்தில் இணைப்பிகள் களிம்பேறுதல் இயல்பு. களிம்பேறிய இணைப்பில் அரை ஓம் தடை ஏற்படின், 1 அம்பியர் மின்னோட்டம் அரை வோல்ற்றை இழக்கும்.

குறைந்த அளவு கணினியை நிறுத்தும். மிகுந்த அளவு அதனைக் கொல்லும். கொமடோர் 64இன் புறவழங்கி 5 வோல்ற்று நேரோட்டமும் 9 வோல்ற்று ஆடலோட்டமும் தருவது. அதனுள்ளிருக்கும் நிலைநிறுத்தி பழுதுற்றால், 5 வோல்ற்று உயர்ந்து நேரே சில்லுகளிற் பாயும். ஆதலால் அதனைக் கணினியிற் பொருத்துமுன், 5 ஓம், 10 உவாற்றுத் தடையொன்றைச் சுமையாக இணைத்து அளத்தல் வேண்டும். 5.25ஐ மிஞ்சின் பொருத்தலாகாது. பிசினால் அடைக்கப்பட்ட வழங்கியாயின், புதியதொன்றை நாடுவதே அறிவுடைமை.

ஒரு தடத்தின் நலம் மற்றொன்றுக்குச் சான்றாகாது என்பதையும் மறத்தலாகாது. ஸ்பெக்ட்ரத்தின் 4116 என்னும் நினைவகச் சில்லுகளுக்கு +12, +5, −5 என மூன்று அழுத்தங்கள் வேண்டும். +5 செவ்வையாக இருந்தும் −5 இல்லாதொழியின் அச்சில்லுகள் அழியக்கூடும்.

ஆகவே சுமையோடு அளத்தல், உள்ளீட்டிலிருந்து சில்லின் கால்வரை படிப்படியாக அளத்தல், ஒவ்வொரு தடத்தையுந் தனித்து அளத்தல் என்னும் மூன்றும் இத்துறையின் அடிப்படை நெறிகளாம். 230 வோல்ற்றுப் பகுதி உயிர்க்கு ஊறு செய்வதாதலின், அதனைத் தேர்ந்தவர் கையில் விடுதலே முறை. இந்நெறி பிறழாதார் கையில், இனிக் கிடைத்தற்கரிய அப்பொறிகள் அடுத்த தலைமுறையினரின் கைக்கும் பழுதின்றிச் சென்றடையும்.